பௌதிகப் பட்டதாரி பஞ்சலிங்கத்தின் நிரந்தர உத்தியோகம்

அரசாங்கத்துக்குப் பெற்றிசம் எழுதினால் பதில் வராது என்று நாக்கூசாமல் சொல்லித் திரிகிறவர்கள் கரவெட்டிப் பஞ்சலிங்கத்தின் கதையைக் கேட்கவேண்டும். அவன் எழுதியது ஒரேயொரு பெற்றிசம். "நான் பௌதிகத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவன், படிப்புக்கேற்ற வேலையொன்று தந்துதவ வேண்டும்" என்று இரண்டே வரி. பதினொரு மாதத்தில் பதில் வந்துவிட்டது. வேலைதான் வரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு கொமிட்டி வந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு அது. வடமாகாணத்தில் பௌதிகத்தில் சிறப்புப் பட்டம் பெற்று வேலையில்லாமல் இருந்தவன் பஞ்சலிங்கம் ஒருவன்தான். அதே பட்டம் பெற்று வேலையோடு இருந்தவர் எவருமில்லை. ஆகவே அந்தத் தொழில் முழுவதும் அவனுடைய ஒரு சோடிச் செருப்பில்தான் நடந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஊரே கேட்டதுதானே. முதற் கல்லூரியில் பௌதிகத்தை இலத்தீன் படித்த ஒருவர் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பென்சன் வர இன்னும் பதினெட்டு வருடம் இருந்தது. இரண்டாவதில் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினால் இடமிருந்தது. மூன்றாவதில் முகாமைக்காரரின் மருமகன் அந்த இடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் பாஸ்பண்ணும் வரைக்கும் கதிரை காலியாகவே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. கிளாக்கர் சோதனை எழுதலாமென்றால் அதற்குரிய வயது பௌதிகம் படித்த வருடங்களில் போய்விட்டது.

அவனை விட அவசரப்பட்டவர்கள் வீட்டில் இருந்தார்கள். தமக்கை பூரணத்துக்கு இருபத்தாறு வயது. அவளுக்கென்று தகப்பன் எழுதிவைத்துவிட்டுச் செத்த சீதனக் காணியை ஈடு வைத்துத்தான் பஞ்சலிங்கம் கொழும்பில் படித்தான். கையெழுத்து வைக்க அம்மா தயங்கியபோது, "அவன் படிக்கட்டும் அம்மா, காணி எங்கை ஓடப்போகுது" என்று பேனையை எடுத்துக் கொடுத்தவள் பூரணம். அவனுக்கு உத்தியோகம் கிடைத்தால் காணி மீளும்; காணி மீண்டால் அவளுக்குக் கலியாணம். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான்.

'வடமாகாணப் பௌதிகர்களின் தொழில்வாய்ப்பும் சம்பளமும் பற்றிய விசாரணைக் கொமிட்டி' மாகாண அரசாங்கக் கந்தோரான கச்சேரியின் பின்மண்டபத்தில் கூடியது. தலைவர் ஆழ்வாப்பிள்ளை துரை, இளைப்பாறிய நீதவான். உறுப்பினர் மூவர், காரியதரிசி ஒருவர், எழுதுவினைஞர் இருவர், மொழிபெயர்க்கத் தம்பிராசா முதலியார், பியூன் றஹீம். ஆக ஒன்பது பேருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து, பத்தாவது ஆளுக்கு வேலை கொடுக்கலாமா என்று யோசிக்கச் சொல்லியிருந்தது.

முதல் நாள் தலைவர் பேசிய பேச்சு அச்சில் இருக்கிறது. "இக்கொமிட்டி முன்கூட்டியே எந்த முடிவுக்கும் வராது. அவசரப்பட்டும் வராது. பிறருடைய தூண்டுதலாலும் வராது. சுருங்கச் சொன்னால், வராது" என்றார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள்.

"உமது பெயர் என்ன?" என்று தலைவர் இங்கிலீசில் கேட்டார். பஞ்சலிங்கம் இங்கிலீசிலேயே பதில் சொன்னான். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. சாட்சி இங்கிலீசில் பேசினால் முதலியாருக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து பஞ்சலிங்கம் தமிழிலே சொல்ல, முதலியார் அதை இங்கிலீசாக்க, தினமும் காலையில் தாயாரோடு வடமராட்சித் தமிழில் சண்டை பிடித்துவிட்டு வரும் ஆழ்வாப்பிள்ளை துரை, மொழிபெயர்ப்பு முடியும் வரைக்கும் ஒன்றும் விளங்காதவராய் முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பௌதிகச் சொற்கள் வந்து முதலியார் திண்டாடும்போது பஞ்சலிங்கம் மெல்ல இங்கிலீசுச் சொல்லை எடுத்துக் கொடுப்பான். அதற்குத் தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை.

சாட்சிப் படி மட்டும் கொடுத்தார்கள். கூட்டமொன்றுக்கு ஒரு ரூபாய் ஐம்பது சதம். கிழமைக்கு இரண்டு கூட்டம். அரசரின் முடிச் சின்னம் அச்சடித்த அரசாங்கத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு றஹீம் காசைக் கொடுப்பார்.

முதல் நான்கு மாதமும் புள்ளிவிவரம் எடுத்தார்கள். மாகாணத்துப் பௌதிகர்களின் ஆகக் கூடிய சம்பளம் பூச்சியம். ஆகக் குறைந்ததும் பூச்சியம். சராசரியும் அதுவே. இதைக் கண்ட தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"வைத்தியர்களுக்குள் எவ்வளவு ஏற்றத்தாழ்வு! வழக்கறிஞர்களுக்குள் எவ்வளவு பொறாமை! பௌதிகர்களுக்குள் மட்டும் சம்பள வேற்றுமை துளியும் இல்லை. இந்தச் சமத்துவத்தைக் குலைக்கும் எந்தச் சிபாரிசையும் செய்யுமுன் நாம் பலமுறை சிந்திக்கவேண்டும்" என்றார்.

அந்தச் சமத்துவத்தைக் குலைத்தது ஒரு மொட்டைப் பெற்றிசம். நம்மூரில் ஒருவன் நன்றாயிருந்தாலும் பெற்றிசம் போகும், நன்றாயில்லாவிட்டாலும் போகும். அதில் ஒரு நடுநிலைமை உண்டு. "மேற்படி பஞ்சலிங்கம் வேலையற்றவன் அல்லன். சென்ற மாசியில் நெல்லியடியில் ஒரு கடைக்காரரின் சுவர் மணிக்கூட்டைத் திருத்தி, ஒரு தேங்காயும் அரை இறாத்தல் பேரீச்சம்பழமும் ஊதியமாய்ப் பெற்றான். இப்படிக்கு, உண்மை விளம்பி" என்றிருந்தது.

கொமிட்டி ஏழு கூட்டம் இதை விசாரித்தது.

"மணிக்கூட்டைத் திருத்தும்போது பௌதிகத்தைப் பாவித்தீரா, அல்லது சும்மா திருத்தினீரா?"

பஞ்சலிங்கம் யோசித்தான். உண்மையே பேசுவேன் என்று சத்தியம் செய்தவன் அல்லவா. "ஊசலின்ரை நீளத்தைக் கணக்குப் பாத்துத்தான் குறைச்சனான். அது பௌதிகந்தான் ஐயா" என்றான்.

"தேங்காய் தோலுடனா, உரித்ததா?"

"உரிச்சது."

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் தலைவர். வடமாகாணப் பௌதிகர்களின் ஆண்டு வருமானம் உரித்த தேங்காய் ஒன்றும் அரை இறாத்தல் பேரீச்சம்பழமும் என்று அறிக்கை திருத்தப்பட்டது. தேங்காய் மாதச் சம்பளமா, விசேட அலவன்சா என்பதைத் தீர்மானிக்கக் கொழும்புக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை.

இரண்டாம் வருடம் பௌதிகத்தால் மாகாணத்துக்கு என்ன பிரயோசனம் என்ற கேள்வி வந்தது. பஞ்சலிங்கம் இந்த நாளுக்காகவே காத்திருந்தவன். எங்கள் கிணறுகளில் கடல் உப்பு மெல்ல மெல்ல ஏறுகிறது. அதை நாக்கால் அறியுமுன் மின்சாரத்தால் அறியலாம் என்று விளக்கினான். இரண்டு போத்தல் கொண்டுபோனான். ஒன்றில் கரவெட்டிக் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் குருநகர்க் கடல் தண்ணீர். இரண்டு செப்புக் கம்பியும் ஒரு சிறிய மின்கலமும் அவனே செய்த, ஊசி அசையும் கருவியொன்றும் கூடவே கொண்டுபோனான். இதையெல்லாம் விளக்கும்போது அவன் குரல் மாறிவிட்டது. மூன்று வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவன் அந்த மண்டபத்தில் சந்தோஷமாக நின்றான்.

"பொறும்" என்றார் தலைவர். "தண்ணீர் என்பது சான்றுப் பொருள். சான்றுப் பொருளுக்குள் கம்பியை விட அனுமதிக்க முடியாது." தண்ணீருக்கு முத்திரை வைத்து 'அ' என்றும் 'ஆ' என்றும் பெயரெழுதிப் பழைய காகிதங்கள் வைக்கும் அறையில் பூட்டிவைத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து அறையைத் திறந்தால் தக்கை சரியாக இறுகாத 'அ' போத்தலில் பாதித் தண்ணீர் இல்லை. கொமிட்டி கொதித்தெழுந்தது. அரசாங்கச் சான்றைக் குடித்தவன் யார்? சாவி இருந்தது றஹீமிடம். றஹீமை நிறுத்தி ஒரு பகல் முழுக்கக் கேட்டார்கள்.

"ஐயா, போன மாசம் முழுக்க நோன்பு. பகலிலை எச்சிலும் விழுங்காத ஆள் நான். இந்தக் கிழட்டுத் தண்ணியையோ குடிக்கப்போறன்?" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார்.

பஞ்சலிங்கம் பொறுக்கமாட்டாமல் எழுந்தான். "ஐயா, அது ஒருத்தரும் குடிக்கேல்லை. ஆவியாப் போட்டுது. இது சின்னப் பௌதிகம்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தண்ணீர் எங்கே போயிற்று என்பதற்கு நிபுணர்தான் சாட்சியம் அளிக்கலாம். நிபுணர் என்றால் அரசாங்கம் நியமித்த பௌதிகராக இருக்கவேண்டும். அப்படியொருவர் இம்மாகாணத்தில் உண்டா?"

"இல்லை ஐயா."

"இல்லை என்பதை விசாரிக்கத்தானே நாம் இருக்கிறோம். உட்காரும்."

சான்று 'அ' எவ்வாறு குறைந்தது என்பதை ஆராய உபகொமிட்டியொன்று நியமிக்கப்பட்டது. றஹீமுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நல்ல மனிதன், அதை நான்காக மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, "தம்பி, நீராவது எனக்காகக் கதைச்சீரே, அது போதும்" என்றார்.

சரி, பௌதிகருக்குச் சம்பளம் என்ன போடலாம்? மூன்றாம் வருடம் ஓர் உறுப்பினர் துணிந்து இதைக் கேட்டுவிட்டார். அவரே வழியும் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஓர் உத்தியோகத்தின் உண்மையான பெறுமதி அரசாங்க வர்த்தமானியில் இல்லை. கலியாணத் தரகரின் வாயில் இருக்கிறது. சீதனம் எவ்வளவு போகிறதென்று அறிந்தால் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துவிடலாம். எனவே தரகர் கந்தப்புவுக்கு அழைப்பாணை போயிற்று.

கந்தப்பு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாட்சிக் கூண்டில் நின்று, குறிப்புக் கொப்பி பாராமலே சொன்னார்: "டொக்குத்தருக்கு ஒரு விலை, அப்போதிக்கரிக்கு ஒரு விலை. கிளாக்கருக்கு வீடும் வளவும் கைக்காசும். மலாயாப் பென்சனியர் தாரமிழந்தவர் எண்டாலும் குறையாது. வாத்தியாருக்கு ஆளைப் பாத்து. பௌதிகம் எண்டு இண்டு வரைக்கும் ஆரும் என்னட்டைக் கேக்கேல்லை."

"கேட்டால் என்ன சொல்வீர்?"

"கவுண்மேந்துச் சம்பளம் எவ்வளவெண்டு சொல்லுங்கோ. நான் சீதனத்தைச் சொல்லுறன்."

"நீர் சீதனத்தைச் சொன்னால்தான் நாம் சம்பளத்தைத் தீர்மானிக்கலாம்."

"அதெப்படி ஐயா? சம்பளம் தெரியாமல் ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

ஐந்து கூட்டம் இப்படியே போயிற்று. இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டார்கள். கந்தப்புவுக்கும் கூட்டத்துக்கு ஒன்றரை ரூபாய் கிடைத்ததால் அவருக்கும் அவசரமில்லை. ஆனால் அந்த ஐந்து கூட்டத்திலும் அவருடைய கண் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தது. பஞ்சலிங்கம் ஒவ்வொரு முறையும் முடி அச்சடித்த தாளில் கையெழுத்து வைத்துக் காசு வாங்குவதைத்தான்.

ஐந்தாவது கூட்டத்துக்கு மறுநாளே கந்தப்பு கரவெட்டிக்கு வந்துவிட்டார். "பிள்ளை, உங்கடை தம்பியைப் போய் வேலையில்லாதவன் எண்டு சொல்லுறியளே! மூண்டு வருசமாக் கவுண்மேந்துக் காசு எடுக்கிறார். இதை உத்தியோகம் எண்டு சொல்லாமல் வேறை என்னெண்டு சொல்லுறது?" என்று பூரணத்திடம் கேட்டார்.

"அது சாட்சிப் படி எல்லோ?" என்றாள் பூரணம்.

"படியோ சம்பளமோ, முடிச் சின்னம் ஒண்டுதான்" என்றார் கந்தப்பு.

இப்படித்தான் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தேவராசா, சாவகச்சேரித் தபாற்கந்தோரில் கிளாக்கர். தகப்பன் கதிரவேலு, உப்பு இலாகாவில் இளைப்பாறியவர். கதிரவேலு கறாரான மனிதர்; ஆனால் ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். காணி ஈட்டில் கிடக்கட்டும், தம்பிக்காரன் தன் அரசாங்கப் படியிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாய் மீட்டுக் கொடுக்கட்டும். ஆனால் அந்தப் படி நிரந்தரமானதாக இருக்கவேண்டும். கொமிட்டி இடையில் செத்துவிடக்கூடாது.

"கொமிட்டி எண்டாவது சாகிறதாவது!" என்றார் கந்தப்பு. வைகாசியில் நாள் வைத்தார்கள். பூரணத்துக்கு அப்போது இருபத்தொன்பது. நெடுநாளைக்குப் பிறகு அவள் கிணற்றடியில் பாடியதைப் பக்கத்து வளவுக்காரர் கேட்டார்கள்.

சித்திரை பிறந்த கையோடு பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. கொமிட்டி தொடவிடாத கிணற்றுத் தண்ணீர்ச் சோதனையைப் பஞ்சலிங்கம் வீட்டிலிருந்தே நூற்றுப் பதினேழு கிணறுகளில் செய்து, ஒரு விஞ்ஞான சஞ்சிகைக்குக் கட்டுரையாக அனுப்பியிருந்தான். அதைப் படித்த ஓர் ஆராய்ச்சிச் சாலையார், உதவி ஆராய்ச்சியாளராக வரும்படி எழுதியிருந்தார்கள். மாதம் நூற்றுப்பத்து ரூபாய். இரண்டு வருட ஒப்பந்தம். ஒரு மாதத்துக்குள் வந்து சேரவேண்டும்.

அவன் அதை ஆறு தரம் வாசித்தான். பிறகு கோடிப்புறத்துக்குப் போய் நின்று அழுதான். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒரு பௌதிகனைத் தேவையென்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பௌதிகன் தானேயென்று அவனுக்கு நம்பமுடியவில்லை.

கந்தப்புவுக்கு இது இடிவிழுந்த செய்தி. "தம்பி, உமக்கென்ன விசரோ? ரண்டு வருச ஒப்பந்தம், பென்சன் இல்லை, கடல் தாண்டி. கதிரவேலர் கேள்விப்பட்டாரெண்டால் அடுத்த பஸ்ஸிலை சாதகக் குறிப்பைத் திருப்பி அனுப்பிப்போடுவார். அதுவும் வாற வியாழக்கிழமை உம்மடை உத்தியோகத்தை நேரிலை பாக்க வாறார்" என்றார்.

இந்தச் செய்தி றஹீமுக்கும் எப்படியோ மணத்துவிட்டது. "வேலை வந்திட்டுதெண்டு நீர் ஒரு சொல் சொன்னால் கொமிட்டியைக் கலைச்சுப்போடுவாங்கள் தம்பி. ஒம்பது குடும்பம். உம்மைக் குறை சொல்லேல்லை. சும்மா சொன்னனான்" என்றார்.

பூரணம் மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள். "நீ வெளிக்கிடு. உவை என்னை வேண்டாமெண்டால் விடட்டும். இருபத்தொம்பது வருசம் இருந்தவளுக்கு மிச்சமும் இருக்கத் தெரியும்."

"அக்கா..."

"வாயை மூடு. அந்தக் கொமிட்டியிலை போய் நிண்டு, எனக்கு வேலை கிடைச்சிட்டுது எண்டு சத்தமாச் சொல்லு. இங்கிலீசிலை சொல்லு, அந்தாளுக்கு நேரை விளங்கட்டும்."

வியாழக்கிழமை காலை வாசற் படலையடி வரைக்கும் வந்து வழியனுப்பினாள். கோட்டுப் பொக்கற்றில் கடிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். அவள் கையைப் பஞ்சலிங்கம் அப்போதுதான் கவனித்தான். முதல் நாள் யாரோ சினேகிதப் பெண்கள் விளையாட்டாகப் பூசிவிட்ட மருதோன்றி, சிவந்து கிடந்தது. அவள் சட்டென்று கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

மண்டபம் அன்று நிறைந்திருந்தது. பின்வரிசையில் கதிரவேலு, நிமிர்ந்த தலைப்பாகையோடு. பக்கத்தில் கந்தப்பு. கதவடியில் றஹீம். பஞ்சலிங்கம் சத்தியம் செய்தான்.

ஆழ்வாப்பிள்ளை துரை இங்கிலீசில் கேட்டார்: "இக்கொமிட்டி தொடங்கிய நாள்முதல் இன்றுவரை, பௌதிகர் என்ற முறையில் உமக்கு எங்கிருந்தாவது, எவராவது, ஏதாவது வேலை தர முன்வந்ததுண்டா?"

பஞ்சலிங்கத்துக்குக் கேள்வி விளங்கிவிட்டது. ஆனாலும் முதலியார் அதைத் தமிழாக்கத் தொடங்கினார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. அந்த அரை நிமிடம் இல்லாதிருந்தால் பஞ்சலிங்கம் உண்மையைச் சொல்லியிருப்பான் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். வாய் திறந்துவிட்டது, கை பொக்கற்றுக்குப் போய்விட்டது. முதலியார் மொழிபெயர்த்து முடிக்கிறபோது அவனுக்குச் சிவந்த உள்ளங்கை ஒன்றைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை.

"இல்லை ஐயா" என்றான். "ஒருத்தரும் கேக்கேல்லை."

முதலியாருக்கு அன்றைக்கு நல்ல உற்சாகம். "ஒருவருமில்லை பிரபுவே; இனி வருவார் என்ற நம்பிக்கையும் சாட்சிக்கு அறவே இல்லை" என்று இங்கிலீசில் சேர்த்துச் சொன்னார்.

தலைவர் எழுந்து நின்றார். "கனவான்களே, மூன்று வருடம், இருநூற்றுத் தொண்ணூறு கூட்டம். இந்தச் சாட்சி ஒரு சொல்லும் மாற்றவில்லை. பௌதிகர்களுக்கு வேலை இல்லை என்பதை இன்று விஞ்ஞான முறைப்படி நிரூபித்துவிட்டோம். இத்தகைய பாரதூரமான நிலைமையை அரைகுறையாக விட்டுச் செல்லலாமா? கொமிட்டியை நிரந்தரமாக்கும்படியும், சாட்சியின் படியை இருபத்தைந்து சதத்தால் உயர்த்தும்படியும் சிபாரிசு செய்கிறேன்."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. கதிரவேலு முன்னே வந்து பஞ்சலிங்கத்தின் தோளில் தட்டினார். "நல்ல உத்தியோகம் தம்பி. கெட்டியாப் பிடிச்சுக்கொள்ளும்" என்றார். றஹீம் தாளை நீட்டினார். அவன் கையெழுத்து வைத்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் பஸ்ஸை விட்டிறங்கி வரும்போதே பூரணம் படலையடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"சொன்னியோ?"

"சொன்னன்."

"என்ன சொன்னவை?"

"நிரந்தரமாக்கியாச்சாம்" என்றான் பஞ்சலிங்கம். சிரிக்கப் பார்த்தான். "கதிரவேலருக்கு நல்ல சந்தோசம் அக்கா. கலியாணத்துக்கு இனி ஒரு குறையும் இல்லை."

பூரணம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த மருதோன்றிக் கையை ஓங்கி அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

"பாவி! உதுக்கோடா நான் காணியை விட்டனான்? நீ படிக்கவேணும் எண்டெல்லோ விட்டனான்" என்று சொல்லிப் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.